தறியருகே ஒரு கத்தி

 

ஆரணியிலிருந்து ஒரு வாசகச் சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். மூத்த மகன் மேனிலை முதலாண்டு மாணவன். அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறியதிலிருந்து பள்ளிக்குப் போக மறுக்கிறான். கைபேசி பழுது பார்க்கும் கடையொன்றில் சேர்ந்துவிட்ட நண்பனின் கையில் வாராவாரம் பணம் புழங்குவதைக் காண்கிறான். பகலெல்லாம் அந்தக் கடையிலேயே கிடக்கிறான். கணவர், "இஷ்டமில்லாதவனை எத்தனை நாள் இழுத்துப் பிடிப்பது?" என்று ஒதுங்கிக்கொண்டார். சோற்றோடு உபதேசத்தையும் சேர்த்தே பரிமாறி வருவதாகத் தாய் எழுதுகிறார்.

இளையவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் பள்ளி நூலகத்திலிருந்து பழைய சீனக் கதைகள் அடங்கிய நூலொன்றை எடுத்து வந்தாள். பாதி நெய்த துணியைத் தறியிலேயே அறுத்தெறிந்த ஒரு தாயின் கதை அதில் இருந்தது. அதை அண்ணன் காதில் விழும்படி உரக்கப் படித்தாளாம். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், இரவு பத்து மணிக்குத்தான் திரும்பினான். வீட்டிலிருந்த மாமியாரோ, "ஓத வேண்டியவை எத்தனையோ இருக்க, சீனாக்காரன் கதை நம் வீட்டுக்கு எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். "மாமி கேட்பது சரிதானா? அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லட்டுமா? மகனை நான் என்ன செய்வது?" என்று சகோதரி வினவுகிறார்.

மாமியாரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் கையில் எந்த நூல் இருக்கிறது என்று பார்க்கும் மூதாட்டி ஒருவர் வீட்டில் இருப்பது அல்லாஹ்வின் அருட்கொடை. சீன தேசம் சென்றேனும் கல்வி தேடுமாறு கூறும் வாசகத்தை எடுத்துக்காட்டி அவரை எளிதில் வாயடைத்துவிடலாம். நம் மேடைகளில் அடிக்கடி ஒலிப்பதுதான் அது. ஆனால் அதன் அறிவிப்பாளர் தொடர் மிகவும் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறியுள்ளனர். இட்டுக்கட்டப்பட்டது என்று கூறியவர்களும் உண்டு. ஆகவே அதன்மீது கட்டடம் எழுப்ப வேண்டாம். அதைவிட உறுதியான சான்று நமக்கு இருக்கிறது. சீன நாட்டு முஸ்லிம்களே அச்சான்று.

அரபு, பாரசீக வணிகர்கள் சீனத் துறைமுகங்களில் குடியேறிப் பல நூற்றாண்டுகள் கடந்தபின், அவர்களுடைய சந்ததியினர் வீட்டிலும் வீதியிலும் சீன மொழியே பேசினர். அரபு அறிந்தோர் அருகினர். ஷான்ஸி மாநிலத்தைச் சேர்ந்த ஹு தெங்ஜோ (1522–1597) என்னும் பெரியார் இந்நிலை கண்டு கவலையுற்றுத் தம் வீட்டிலேயே மாணவர்களைச் சேர்த்துப் பாடம் சொல்லத் தொடங்கினார். அது பிற்காலத்தில் பள்ளிவாசல்தோறும் பரவிய கல்விமுறையாயிற்று. அரபு, பாரசீக நூல்களைச் சீன மொழியில் விளக்கினார்கள். ஷைகு ஸஅதி (ரஹ்) அவர்களின் குலிஸ்தானும் அப்பாடத்திட்டத்தில் இருந்தது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் வளர்த்தது போலவே, அவர்களும் சீன மொழியை அரபு எழுத்தில் எழுதும் வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டனர். ஒருவரையொருவர் காணாமலே இரு சமுதாயங்கள் ஒரே உபாயத்தைக் கண்டறிந்திருக்கின்றன.

அடுத்த நூற்றாண்டில் அவர்கள் மேலும் ஒரு படி சென்றனர். கன்பூசியஸ் வழி வந்த இலக்கியங்களைக் கசடறக் கற்று, அந்த இலக்கிய நடையிலேயே இஸ்லாத்தை எழுதினர். வாங் தாய்யூ என்பவரின் நூல் 1642-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் உமறுப் புலவர் பிறந்ததும் அவ்வாண்டே என்பர். தமிழ்க் காப்பிய மரபில் உமறு சீறாப்புராணம் பாடியதற்கும், அவர்கள் சீன மரபில் மார்க்க நூல்கள் எழுதியதற்கும் நோக்கம் ஒன்றே. அந்நூல்களின் தொகுதிக்கு 'ஹான் கிதாப்' என்று பெயர். 'ஹான்' சீனச் சொல். 'கிதாப்' நம் வீட்டுச் சொல்.

அவர்களுள் தலைசிறந்தவர் நான்ஜிங் நகரத்து லியூ ஜி. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தவர், தந்தையும் ஆலிம். தம் வாழ்வைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். பதினைந்து வயதில் கல்வியில் மனத்தை நிறுத்தியதாகவும், சீனச் செவ்விலக்கியங்களை எட்டு ஆண்டுகளும், அதன்பின் இஸ்லாமிய நூல்களை ஆறு ஆண்டுகளும், பௌத்த நூல்களை மூன்று ஆண்டுகளும், தாவோ நூல்களை ஓராண்டும் பயின்றதாகவும் குறிப்பிடுகிறார். பிழைப்பைக் கவனியாமல் ஏட்டோடு கிடக்கிறானே என்று உற்றார் உறவினர் குறை கூறினராம்! ஆரணியில் மட்டுமன்று, எல்லா ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு போலும். 'பதினைந்து வயதில் கல்வியில் மனத்தை நிறுத்தினேன்' என்பது கன்பூசியஸ் (கி.மு. 551–479) தம்மைப் பற்றிக் கூறியதாகச் சீனச் சிறுவர் அனைவரும் அறிந்திருந்த செய்தி. அதே வயதைக் கூறித் தம் கதையைத் தொடங்குகிறார் ஒரு முஸ்லிம் அறிஞர். பிற்காலத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றைச் சீன மொழியில் எழுதியவரும் இவரே. அந்த இலக்கியங்கள் அவரை மார்க்கத்திலிருந்து விலக்கவில்லை. முன்னோர் வழிபாடு முதலிய, நமக்கு ஒவ்வாத செய்திகள் அவற்றில் உண்டு. கொள்வதையும் தள்ளுவதையும் அவர் அறிந்திருந்தார். ஒன்பதாம் வகுப்புச் சிறுமிக்கு அந்தத் தெளிவைக் கொடுக்க வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களே! மாமியாரையே பக்கத்தில் அமர்த்திப் படிக்கச் சொல்லுங்கள்.

லியூ ஜி சிறுவர்களையும் மறக்கவில்லை. சீனச் சிறுவர் பள்ளிகளில் நம் ஆத்திசூடியைப் போல மனப்பாடம் செய்யப்பெற்ற நூலொன்று உண்டு. வரிக்கு மூன்றே எழுத்து, ஆகவே 'மூவெழுத்து நூல்' என்று பெயர். அதே யாப்பில், முஸ்லிம் சிறுவர்களுக்காக ஈமானையும் கடமைகளையும் பாடமாக்கி அவர் ஒரு மூவெழுத்து நூல் இயற்றினார். பழைய மூவெழுத்து நூலின் தொடக்கத்திலேயே வருகிறது, ஆரணிச் சிறுமி படித்த அந்தத் தறிக் கதை. சீனத்துப் பிள்ளைகள் எழுநூறு ஆண்டுகளாக ஓதிவரும் கதை அது.

கதை இதுதான். மென்சியஸ் என்னும் பேரறிஞர் (கி.மு. நான்காம் நூற்றாண்டு) சிறுவனாக இருந்தபோது, பாடசாலையிலிருந்து வீடு திரும்பினான். தறியில் அமர்ந்திருந்த தாய், படிப்பு எவ்வளவில் இருக்கிறது என்று கேட்டாள். முன்பிருந்தபடியேதான் என்று அலட்சியமாகக் கூறினான். அவள் கத்தியை எடுத்தாள், நெய்துகொண்டிருந்ததை அறுத்துவிட்டாள். நீ கல்வியை விடுவதும் நான் இதை அறுப்பதும் ஒன்றே என்று கூறினாள். மகன் அஞ்சிப் படிக்கலானான்.

கமண்டல நாகநதிக் கரையில், தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. எத்தனை நாள் உழைப்பு, எத்தனை பேர் கூலி, எவ்வளவு சரிகை என்று அவர்களே கணக்குச் சொல்லிவிடுவார்கள். குறும்புக்காரப் பிள்ளை ஒருவன், "அறுத்த துண்டு இரவிக்கைக்கு ஆகாதா?" என்று கேட்கவும் கூடும். கேட்கட்டும், அந்தக் கேள்வியில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இதே போன்ற இன்னொரு கதை சீன வரலாற்று நூலில் இருக்கிறது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் ஃபான் யே தொகுத்த பிற்கால ஹான் வரலாற்றில், யுவே யாங்ஸி என்பவனுடைய மனைவியைப் பற்றியது. யாருடைய மகள் என்பதும் தெரியவில்லை என்று வரலாற்றாசிரியரே எழுதிவிட்டார். கணவன் ஒருநாள் வழியில் கிடந்த பொன்னை எடுத்து வந்து அவளிடம் கொடுக்கிறான். பிறர் தவறவிட்ட பொருளால் உன் ஒழுக்கம் மாசுபட வேண்டுமா என்று அவள் இடித்துரைக்க, நாணி அதை எறிந்துவிட்டு, ஆசிரியரைத் தேடிப் புறப்படுகிறான். (கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவித்து உரியவரைத் தேட வேண்டும் என்னும் நம் சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.) ஓராண்டில் திரும்பி வந்துவிடுகிறான். ஏன் வந்தீர் என்று கேட்கிறாள். வேறு காரணமில்லை, பிரிவு தாங்கவில்லை என்கிறான். அவள் கத்தியுடன் தறியருகே செல்கிறாள். பட்டுப்பூச்சியின் கூட்டிலிருந்து பிறந்த இழை ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து அங்குலமாகி, அங்குலங்கள் சேர்ந்து முழுத் துணியாவதை எடுத்துச் சொல்லி, இதை இப்போது அறுத்தால் இதுவரை ஆனதும் வீண், காலமும் வீண் என்று விளக்குகிறாள். அவன் திரும்பிச் சென்று ஏழு ஆண்டுகள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

கூர்ந்து பாருங்கள். மென்சியஸின் தாய் அறுத்தாள். இவள் கத்தியை எடுத்தாள்; அறுத்தாள் என்று நூல் சொல்லவில்லை. இன்னும் முக்கியமான செய்தி அதற்கடுத்த வரியில் இருக்கிறது. கதை சொல்வோர் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். அந்த ஏழு ஆண்டுகளும் அவள் உழைத்து மாமியாரைக் காப்பாற்றினாள்; தொலைவில் இருந்த கணவனுக்கும் வேண்டியவற்றை அனுப்பி வந்தாள். அவள் பேசியது ஒருநாள். அனுப்பியது ஏழு ஆண்டு.

ஆரணிச் சகோதரியிடம் நான் கூற விரும்புவது இதைத்தான். உபதேசத்தின் அளவு மிகுந்துவிட்டது, சகோதரி! சோறு நீங்கள் எப்போதும் போல் போடுங்கள்; அதில் உபதேசத்தைச் சேர்க்காதீர்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை, தாயின் சொல்லை முதல் தடவையிலேயே கேட்டுவிடுகிறான். இரண்டாம் தடவை சொல்லும்போது அவன் கேட்பது சொல்லையன்று. தாய்க்குத் தன்மீது நம்பிக்கையில்லை என்பதையே கேட்கிறான்.

தங்கை அந்தக் கதையைப் படித்தபோது அவன் வெளியேறியதில் எனக்கு வியப்பில்லை. தறிக் கதை, படிப்பில் அலட்சியம் காட்டுபவனுக்கு உரியது. உங்கள் மகன் அலட்சியக்காரன் அல்லன்; தவறியவன். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் மதிப்பெண் வாசிக்கப்பட்டபோது அவன் தலை குனிந்திருக்கும். பணத்தின் மீது ஆசை என்று அவன் சொல்வது அந்த வெட்கத்தின் மேல் போர்த்திய போர்வையாக இருக்கலாம். அப்படிப்பட்டவனிடம் அறுந்த துணியைக் காட்டினால், தன்னையே அந்தத் துணியாகக் காண்பான்.

அந்தக் குறும்புக்காரப் பிள்ளையின் கேள்வி இங்கேதான் உதவுகிறது. தறியில் பாவு இழை அறுவது அன்றாட நிகழ்ச்சி. நெசவாளர் நாடாவை நிறுத்துகிறார், அறுந்த நுனிகளைத் தேடி எடுத்து, விரலால் முறுக்கிப் பிணைக்கிறார், மறுபடி மிதிக்கிறார். பிணைத்த இடம் சேலையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. சீனக் கதையில் இல்லாத இந்தப் பகுதியை உங்கள் தெருவிலேயே எந்தத் தறியிலும் காட்டலாம். அரையாண்டுத் தேர்வு என்பது பள்ளி அளவில் நடப்பது. இரண்டு பாடத்தில் தவறியது இரண்டு இழை அறுந்தது போலத்தான். வகுப்பாசிரியரைத் தாயோ தந்தையோ நேரில் கண்டு, அவன் எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று கேட்டறிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரே கதை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது என்பதைக் கன்பூசியஸின் மாணவர்களும் ஒருமுறை வியப்போடு அறிந்தனர். நல்லதைக் கேட்டவுடன் செய்துவிடலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். தந்தையும் தமையனும் இருக்க, அவர்களைக் கேளாமல் எப்படி என்றார் ஆசிரியர். இன்னொருவன் அதையே கேட்டான். உடனே செய் என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாம் மாணவன் குழம்பினான். முன்னவன் பாய்கிறவன், அவனைப் பிடித்து நிறுத்தினேன். பின்னவன் தயங்குகிறவன், அவனை முன்னே தள்ளினேன் என்று விளக்கம் கிடைத்தது.

இது நமக்குப் புதிதன்று. செயல்களில் சிறந்தது எது என்று கேட்டவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் வெவ்வேறு விடைகள் அருளியுள்ளார்கள். ஒருவருக்கு உரிய நேரத்துத் தொழுகை, ஒருவருக்கு உணவளித்தல். உபதேசம் கேட்டு வந்த ஒருவருக்குக் கோபம் கொள்ளாதீர் என்பதை மட்டுமே திரும்பத் திரும்பக் கூறினார்கள். கேட்பவரின் நிலையறிந்து கூறிய விடைகள் அவை என்று விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். நம்மிடம் இருப்பதையே இன்னொரு மொழியில் கேட்கும்போது பிள்ளைகள் காது கொடுக்கிறார்கள் என்பது என் அனுபவம். "இதுவும் பாடமா?" என்று தொடக்கத்திலேயே கதவைச் சாத்திக்கொள்வதில்லை.

தகப்பனாருக்கும் ஒரு கதை உண்டு. ஆரணியைச் சுற்றி நெல் வயல்கள். நாற்று என்றால் அவருக்குத் தெரியும். மென்சியஸ் சொன்ன கதை இது. சோங் நாட்டு விவசாயி ஒருவன், பயிர் வளரவில்லையே என்று கவலைப்பட்டு, ஒவ்வொரு நாற்றையும் சற்றே மேலே இழுத்துவிட்டான். களைத்து வீடு வந்து, இன்று பயிர் வளர உதவினேன் என்றான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் வாடிக் கிடந்தன. பெற்றோர் கூட்டங்களில் இக்கதையைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். இழுக்கக்கூடாது, சரி என்பார்கள். ஆனால் மென்சியஸ் அத்தோடு விடவில்லை. பயனில்லை என்று களையே எடுக்காமல் விட்டுவிடுபவர்களையும் அங்கேயே கண்டிக்கிறார். "எத்தனை நாள் இழுத்துப் பிடிப்பது?" என்று ஒதுங்கிய அத்தாவுக்கு அந்த இரண்டாம் பகுதிதான் உரியது. மகனுக்கு உண்மையிலேயே பழுது பார்க்கும் கலையில் நாட்டம் என்றால், பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னணுவியல் கற்க வழியிருக்கிறது. அதையும் விசாரித்து வைப்பது களையெடுப்பதில் சேரும். பள்ளியா, தொழிற்பயிற்சியா என்று அவனே தேர்ந்துகொள்ளட்டும். எந்தச் சான்றும் இல்லாமல், வாரக் கூலிக்கு இப்போதே போய்விடுவதை மட்டும் பெற்றோர் உறுதியாக மறுக்கலாம். அதற்குக் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

இனி அந்தச் சிறுமியின் புத்தகம். திருப்பிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். தவணை முடிந்தால் மீண்டும் எடுத்து வரச் சொல்லுங்கள். அண்ணன்மீது எறியும் கல்லாக மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தனியே அழைத்து மெதுவாகக் கூறுங்கள். அவளுக்கு இன்னொரு நூலையும் பரிந்துரைக்கிறேன். சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பில் 305 பாடல்கள் உள்ளன. உழவர், படைவீரர், பிரிவால் வாடும் மகளிர் எனப் பலரின் குரல்களும் அதில் ஒலிக்கின்றன. நம் சங்கப் பாடல்களுக்கு உறவு போலத் தோன்றும். இந்திய வெளியுறவுப் பணியில் இருந்த ஸ்ரீதரன் மதுசூதனன், பயணி என்ற பெயரில், அதிலிருந்து தேர்ந்த பாடல்களைச் சீனத்திலிருந்தே நேராகத் தமிழாக்கினார். 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' என்ற தலைப்பில் காலச்சுவடு பதிப்பகம் 2012-இல் வெளியிட்டது. காதற் பாடல்களும் உண்டு. பெரியவர்கள் முதலில் படித்துவிட்டு, தேர்ந்தெடுத்துக் கொடுப்பது நலம்.

அந்தப் பாடல் தொகுப்பைத்தான் கன்பூசியஸ் தம் சொந்த மகனிடமும் படிக்கச் சொன்னார். அது நடந்த விதம் அழகானது. பேராசானின் மகனுக்குத் தனியாக ஏதேனும் இரகசியப் பாடம் கிடைத்திருக்கும் என்று எண்ணிய ஒரு மாணவன், அவனிடமே கேட்டான். அப்படியொன்றும் இல்லை என்றான் மகன். ஒருமுறை தந்தை முற்றத்தில் தனியே நின்றிருக்க, மகன் விரைந்து கடந்தபோது, பாடல்களைப் படித்தாயா என்று கேட்டார், இல்லை என்றான், அவற்றைக் கற்காவிட்டால் பேசவே தெரியாது என்றார். அவன் போய்ப் படித்தான். இன்னொரு நாள் அதே முற்றத்தில், முறைமைகளைப் பற்றிக் கேட்டார். அதையும் போய்ப் படித்தான். அவ்வளவே அவன் தந்தையிடம் தனியாகக் கேட்ட பாடம்.

ஆரணி வீடுகளில் முற்றம் இல்லாவிட்டால் திண்ணை இருக்கும். திண்ணையும் இல்லாவிட்டால் வாசற்படி இருக்கும். இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பும் அத்தா, மகன் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, "அந்தக் கடையில் இன்று என்ன பழுது வந்தது?" என்று ஒன்றே ஒன்று கேட்கலாம். ஒற்றைச் சொல்லில் விடை வந்தாலும் சரி. பரீட்சையைப் பற்றிய கேள்வியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.